தூங்கும்போது நகர்த்திய சுவர்

அந்த பிஸ்கட்டை அவளிடம் நீட்டாதீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், நல்ல மனதோடுதான் நீட்டுகிறீர்கள், தெரிகிறது. வாங்கிக்கொள்வாள். ஆனால் சாப்பிட மாட்டாள். முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்வாள். இப்போதே பாருங்கள், தாம்பரத்தில் ஏறியதிலிருந்து வலது கையை மூடியபடியே வைத்திருக்கிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? நாலு பேர் நடுவில் கேட்டு மானத்தை வாங்க வேண்டாமே என்று விட்டுவைத்திருக்கிறேன்.

என் நாத்தனார். வீட்டுக்காரருக்கு அக்கா. லோகநாயகி என்று பெயர், பெயர் மட்டும்தான் பெரிது. கேட்கட்டுமே, கேட்டால் என்ன? அவளுக்குக் கேட்காதது என்று எதுவும் கிடையாது. பக்கத்து அறையில் யாராவது புரண்டு படுத்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிற காது. வாயைத்தான் திறக்க மாட்டாள்.

திருச்சி வரைக்கும். நீங்களும் அங்கேதானா? நல்லதாகப் போயிற்று. அங்கே என்னோடு கான்வென்டில் படித்த பெலிசிட்டா இருக்கிறாள், இப்போது சிஸ்டர் பெலிசிட்டா. பரீட்சையில் தன் கணக்கை எனக்குக் காட்டி எழுதவைத்தவள் சிஸ்டர் ஆகிவிட்டாள், பாருங்கள். வயதானவர்களுக்கு ஒரு இல்லம் நடத்துகிறாள். சுத்தமான இடம். மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம். நானே போய் இருந்துவிடலாம் போலிருக்கிறது. யார் விடுகிறார்கள்? நான் இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒரு டம்ளர் நகராது.

கொஞ்ச நாளைக்குத்தான். அப்படிச் சொல்லித்தான் இவளை அழைத்துப்போகிறேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். முழுதும் கேட்டுவிட்டுப் பாருங்கள்.

என் வீட்டுக்காரர் சபேசன் ஒரு வங்கிக்கு மெயின்ஃபிரேம் பார்க்கிறார். பெயரைக் கேட்டால் கட்டில் சட்டம் மாதிரி இருக்கும். ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்பு அலமாரி, அவ்வளவுதான். அந்த ஒரு அலமாரிக்குள் ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் ஒரு பாவனை. விர்ச்சுவல் மெஷின் என்பார். இல்லாத கம்ப்யூட்டருக்கு இவ்வளவு பெரிய பெயர். அந்த இல்லாத கம்ப்யூட்டருக்குள்ளே சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்திருக்கும், அதற்குக் கன்டெய்னர் என்று பெயர். ஒரு அறையில் பென்ஷன் போடுகிற வேலை நடக்கும், இன்னொன்றில் ஏ.டி.எம்.முக்குப் பதில் சொல்கிற வேலை. ஒவ்வொரு அறைக்கும் மெமரி வேண்டும், அது உட்கார இடம். பிராசஸர் வேண்டும், அது வேலை செய்யக் கை. எந்த அறைக்கு எவ்வளவு இடம், எத்தனை கை என்று கூட்டிக் குறைப்பதுதான் இவர் உத்தியோகம். அதுவும் எப்படி? நிறுத்திவிட்டு அல்ல, ஓடிக்கொண்டிருக்கும்போதே.

சாப்பிடும்போது எனக்குப் புரியவைப்பார். எனக்குப் பொறுமை கிடையாது, சீக்கிரம் சொல்லுங்கள் என்பேன்.

"சாரு, நம்ம அபார்ட்மென்ட் மாதிரி நெனச்சுக்கோ. உள்ள ஒருத்தன் தூங்கிட்டு இருக்கான். அவன் தூங்கும்போதே சுவத்தை நகத்தி, பக்கத்து ரூமைப் பெரிசாக்கணும். அவன் முழிச்சுக்கக் கூடாது. அதான் என் வேலை."

"முழிச்சுக்கிட்டா?"

"நான் சரியாப் பண்ணலைன்னு அர்த்தம்."

இப்படி ஒரு மனுஷன். வெளியே ஒரு ஈயை ஓட்டத் தெரியாது, அலமாரிக்குள்ளே சுவரை நகர்த்துகிறார்.

அதையும் இப்போது கையால் செய்வதில்லை. தானாகச் செய்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினார். அது எல்லா அறையையும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். எவன் மூச்சுத் திணறுகிறானோ அவனுக்கு இடம் கொடுக்கும். எவன் சும்மா இருக்கிறானோ அவனிடமிருந்து எடுக்கும். கொடுப்பது லேசாம், எடுப்பதுதான் கஷ்டமாம். கொடுத்த இடத்தை எந்த அறையும் காலியாக வைத்திருக்காதாம், பழைய பேப்பரை அடுக்குவது மாதிரி எதையாவது போட்டு நிரப்பிக்கொள்ளுமாம். கெஞ்சித்தான் திரும்ப வாங்க வேண்டுமாம்.

"ஆனா சில ரூம் இருக்கு சாரு, கேட்ட உடனே குடுத்துடும். பேசாமக் குடுத்துடும். அதுகளைப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

இதில் பயப்பட என்ன இருக்கிறது, சொல்லுங்கள். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சும்மா இருக்கிறவரிடமிருந்து எடு, தேவைப்படுகிறவருக்குக் கொடு. இதற்கு அலமாரி எதற்கு? நான் காலையிலிருந்து ராத்திரி வரை அதைத்தானே செய்கிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டே படுக்கையறை. ஒன்று அவருக்கு. அவருக்கு எந்நேரமும் ஆபீஸ் போன் வரும், அதனால் நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன். இன்னொன்றில் பையன் ப்ரணவின் படிப்பு மேஜையும் இவள் கட்டிலும். நடுவில் என் இரும்பு பீரோதான் தடுப்பு. ப்ரணவ் இன்ஜினியரிங் படிக்கிறான், இடம் வேண்டாமா? இவளுக்கு எதற்கு இடம்? கல்யாணமான வேகத்தில் கணவனைப் பறிகொடுத்து வந்தவள், ஒரு டிரங்குப் பெட்டி, நாலு புடவை. அதனால் பீரோவை இவள் பக்கமாகக் கொஞ்சம் தள்ளினேன். எப்போது? இவள் குளிக்கப் போயிருக்கும்போது. வந்து பார்த்தாள். காலைக் கொஞ்சம் மடக்கிப் படுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். ஜன்னல் பையன் பக்கம் போயிற்று. அப்புறம் மின்விசிறி. அப்புறம் கட்டிலே எதற்கு என்று பாய் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். கேட்ட உடனே கொடுத்துவிடுகிற ஜாதி என்று அவர் சொன்னாரே, அது.

இருங்கள், போன்.

"ஆமா, சபேசன் வொய்ஃப்தான்... யாரு, திவாகரா? சொல்லுப்பா... மெசேஜுக்குப் பதில் போடலையா? தூங்கறார்ப்பா. ராத்திரி லேட்டாத்தான் படுத்தார்... நான் வீட்டுல இல்ல, ட்ரெயின்ல இருக்கேன். ஏன், ஒரு நாள் அவர் வராட்டி உங்க பேங்க் திவாலாயிடுமா? எழுந்தா கூப்பிடுவார், வை."

அவர் ஆபீஸ் பையன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இவர் பெயருக்குப் பக்கத்தில் காலையிலிருந்து 'சும்மா இருக்கிறார்' என்று மஞ்சள் விளக்கு எரிகிறதாம். எரியட்டும்.

எங்கே விட்டேன்? ப்ரணவ். அவ்வளவு இடம் பிடுங்கிக் கொடுத்தேனே, அந்தப் பிள்ளை என்ன செய்தான் என்கிறீர்கள்? பழையபடி ஹால் சோபாவில் படுத்துக்கொண்டு போனை நோண்டினான். மேஜையில் துணி காய்ந்தது. அவரிடம் சொன்னால் சிரிக்கிறார்.

"எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். பிராசஸர் கூட்டிக் குடுத்தா மட்டும் போதாது சாரு. உள்ள ஓடற புரோகிராம் கண்ணு முழிக்கும்போதே 'எனக்கு எத்தனை கை'ன்னு எண்ணி வெச்சுக்கும். அப்புறம் நீ எத்தனை குடுத்தாலும் பழைய கணக்குதான். நிறுத்தி மறுபடி எழுப்பினாத்தான் உண்டு."

"உங்க பிள்ளையை எங்க நிறுத்தி எங்க எழுப்பறது?" என்றேன். இப்போது அவன் கல்லூரிச் சுற்றுலாவில் கூர்க்கில் இருக்கிறான். அங்கேயாவது எழுந்திருக்கிறானா தெரியவில்லை.

சரி, சர்க்கரைக்கு வருகிறேன். உண்மையான வயிற்றெரிச்சல் அங்கேதான்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. ராத்திரி ஊசி போட்டுக்கொள்கிறார். டாக்டரிடம் போவதெல்லாம் அக்காவும் தம்பியும்தான். டோக்கன் வாங்கிக்கொண்டு அந்த நாற்காலியில் மணிக்கணக்கில் உட்கார என்னால் ஆகாது. ஆனால் பத்தியம் யார் பார்க்கிறார்கள்? நான். வீட்டில் இனிப்பு என்று ஒரு பொருள் இல்லாமல் ஒழித்தேன். வெல்லம் இல்லை, தேன் இல்லை, ஜாம் இல்லை. என் காபிக்கு மட்டும் ஒரே ஒரு டப்பா. அந்த டப்பா குறைகிறது. நான் போட்டால் எனக்குத் தெரியாதா? கரண்டி போட்ட பள்ளமே வேறு. ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். விடியற்காலையில் கையில் டம்ளரோடு அடுப்படியில் நிற்கிறாள்.

"என்ன அக்கா, இந்த வயசுல திருட்டுத் தீனியா?"

தலையைக் குனிந்துகொண்டாள். மறுத்தாளா? இல்லையே. மறுக்காதவளைத் திருடி என்று சொல்லாமல் என்ன சொல்வது? டப்பாவை எடுத்து அந்த பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன். சாவி இதோ, இந்தக் கைப்பைக்குள். அப்படியும் அடங்கினாளா? எதிர்வீட்டில் கேட்டு வாங்கிப் பொட்டலம் கட்டி வைத்துக்கொள்கிறாள். அந்தக் கைக்குள் இருப்பது அதுதான்.

இன்னொன்று சொல்கிறேன், உங்களுக்கே உடம்பு கூசும். விடியற்காலையில் நான் கண்விழித்தால் இவள் அவர் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். கதவில் காதை வைத்தபடி. எதற்கு? உளவுதான், வேறென்ன? சில நாள் உள்ளேயே போய்விடுவாள். காலையில் பார்த்தால் அவர் பனியனும் தலையணையும் நனைந்து கிடக்கும், இவள் உறையை மாற்றிக்கொண்டிருப்பாள். ஏ.சி. சரியில்லை, ஆளைக் கூப்பிடுங்கள் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஏதோ ரகசியம். அவளிடம் சொல்லாதே, கத்துவாள் என்கிற பார்வை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் இவர் ஆபீஸில் ஒரு களேபரம். ராத்திரி சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என் புரோகிராம் ஒண்ணைக் கொன்னுடுச்சு சாரு."

"யாரை?"

"ஒரு சின்ன கன்டெய்னரை. ரொம்பச் சின்னது. அதுக்கு ஒரே வேலைதான். அப்பப்போ எழுந்து போயி பெரிய கன்டெய்னரை 'உசுரோட இருக்கியா'ன்னு கேக்கும். பதில் வந்தா திரும்பி வந்து உக்காந்துக்கும். பதில் வரலைன்னா உலுக்கி எழுப்பும். மத்த நேரமெல்லாம் சும்மாத்தான் இருக்கும். என் புரோகிராம் பாத்துச்சு, இது சும்மாத்தானே இருக்குன்னு கொஞ்சம் இடத்தை எடுத்துச்சு. குடுத்துது. இன்னும் கொஞ்சம் எடுத்துச்சு. அதையும் குடுத்துது. கடைசியில அது எழுந்து நிக்கக்கூட இடம் இல்ல. குடுத்த இடத்தைத் தாண்டினா உள்ளேயே வெச்சுக் கொன்னுடற ஏற்பாடு ஒண்ணு இருக்கு. ஆபீஸ்ல அதுக்குக் கொலைகாரன்னே பேரு."

"சரி, செத்தா செத்துட்டுப் போகுது. சின்னதுதானே?"

"அப்புறம் பெரிசு மூச்சை நிறுத்திச்சு. யாருக்கும் தெரியல. தெரிஞ்சு சொல்ல வேண்டியதுதான் செத்துப் போச்சே." அரை நாள் ஒரு ஏ.டி.எம்.கூட வேலை செய்யவில்லையாம். மேலதிகாரி இவரை நிற்கவைத்துப் பேசினானாம். "இப்ப எழுதி வெச்சுட்டேன். எது சும்மா இருந்தாலும் சரி, அதை மட்டும் தொடாதேன்னு."

சொல்லிவிட்டு எழுந்து போய் அந்த அறைக் கதவில் நின்றார். உள்ளே இவள் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இறால் மாதிரி சுருண்டு படுத்திருந்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து என்னிடம் சொல்கிறார், "சாரு, நீ வீட்டுல எதை வேணா மாத்து. அக்காவைத் தொடாதே. அது ஒண்ணை மட்டும் தொடாதே."

ஆபீஸில் வாங்கின அடிக்கு வீட்டில் வந்து எனக்குச் சட்டம் போடுகிறார். அங்கே கணக்குத் தப்பிப்போனது இவருடையது. என் கணக்கு எப்போது தப்பியிருக்கிறது? அன்றைக்கே பெலிசிட்டாவுக்குப் போன் போட்டேன்.

நேற்று ராத்திரிதான் அவரிடம் சொன்னேன். கத்தினார். சபேசன் கத்தி நான் பார்த்ததே இல்லை. முதலில் ஊசியைப் போட்டுக்கொண்டார், அப்புறம் தட்டின் முன்னால் உட்கார்ந்தார், ஒரு வாய்கூட வைக்காமல் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். எனக்கும் ரோஷம் இருக்கிறது, வாருங்கள் என்று ஒரு தடவைதான் கூப்பிட்டேன். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன்.

விடியற்காலையில் கிளம்பினோம். அவர் கற்றுக்கொடுத்த முறைதான், தூங்கும்போதே சுவரை நகர்த்துவது. எழுந்தால் திரும்பவும் சண்டை. எழுந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். இவளிடம், "தம்பிக்குக் கோபம் ஆறிடுச்சு, அவர்தான் போகச் சொன்னார்" என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். ஆனால் அறைக் கதவைத் திறக்கப் போனாள் பாருங்கள், கையில் அரை டம்ளர் தண்ணீரோடு.

"எங்க போறீங்க? அவரை எழுப்பாதீங்க."

"இல்ல சாரு, இதை மட்டும்..."

"நான் பாத்துக்கறேன். நீங்க செருப்பைப் போடுங்க."

டம்ளரை வாங்கி சிங்கில் கொட்டினேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றதும் இவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதையும் சொல்ல வேண்டும். எனக்கே ஆச்சரியம். நான் எட்டிப் பார்த்தேன். அவ்வளவு நல்ல தூக்கம். தினமும் வீட்டை இடிக்கிற குறட்டைகூட இல்லை. ஏ.சி. ஓடுகிறது, போர்வையோ நனைந்து கிடக்கிறது. சொன்னேனே, அந்த ஏ.சி. சரியில்லை. பால்காரன் எழுப்பிவிடப் போகிறான் என்று காலிங் பெல் சுவிட்சையும் அணைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு வந்தேன். அவரிடம் இன்னொரு சாவி இருக்கிறது.

செங்கல்பட்டு போய்விட்டதா? பேச்சில் கவனிக்கவில்லை. பாலாறு. தண்ணீரே இல்லை பாருங்கள், வெறும் மணல்.

திரும்பவும் இந்தத் திவாகர்.

"என்னப்பா உனக்கு?... ஆமா, நீ எத்தனை தடவை அடிச்சே?... முழுசா அடிச்சு நிக்குதா? சைலன்ட்ல போட்டிருப்பார்ப்பா. நானும் அடிச்சுப் பாக்கறேன், வை."

என்ன அவசரமோ இவர்களுக்கு. ஒரு மனுஷன் ஒரு நாள் அசந்து தூங்கினால்...

அடிக்கிறது. அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லை.

என்ன அக்கா? என்ன வேணும்? பாத்ரூமா? ஏன் கையைப் பிடிக்கிறீங்க?

"சாரு. தம்பிக்குக் குடுத்தியா?"

"என்னத்தை?"

"சக்கரைத் தண்ணி. ஊசி போட்டுட்டுச் சாப்பிடாமப் படுத்தா விடியக்காலையில அவனுக்குச் சக்கரை ஒரேயடியா இறங்கிடும். வேத்துக் கொட்டும், கூப்பிட்டா பேச்சு வராது. டாக்டர் என்கிட்ட சொல்லித்தானே வெச்சிருக்கார். உன்கிட்ட சொல்ல வேண்டாம், நீ பயந்து அவனை வேலையை விடச் சொல்லுவேன்னு தம்பிதான் சத்தியம் வாங்கினான். நீ பாத்துக்கறேன்னியே. அவன் உன்கிட்ட சொல்லிட்டான்னுதானே நான் வந்தேன். உனக்கு ஆத்திரம், ஏதோ பேசறேன்னு இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு இருந்தேன். குடுத்துட்டுத்தானே வந்தே?"

பாருங்கள், பார்த்தீர்களா, இவள் கையைத் திறந்துவிட்டாள். பொட்டலம். வியர்வையில் கரைந்து பாகாகிவிட்டது, விரலெல்லாம் ஒட்டுகிறது. இதை எதற்கு என் கையில் வைக்கிறாள்? என்னை ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? நான் என்ன செய்தேன்? யாராவது என்னிடம் சொன்னார்களா?

எதிர்வீடு. எதிர்வீட்டு நம்பர். எடு, எடு... எடுக்க மாட்டாள், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியிருப்பாள், அவள் டீச்சர்.

"திவாகர்! நீ எங்க இருக்கே? சிறுசேரியா? உடனே எங்க வீட்டுக்குப் போ. பெல் அடிக்காதே, பெல் அடிக்காது, நான் அணைச்சுட்டேன். கதவை உடை. சாவி என்கிட்ட இருக்கு. உடைப்பா. சக்கரை வாங்கிட்டுப் போ, வீட்டுல இல்ல... வீட்டுல சக்கரை இல்லடா, நான் பூட்டிட்டேன்! என்ன? எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரமா?"

இந்த வண்டி அடுத்து எங்கே நிற்கும்? விழுப்புரமா? அதற்கு நடுவில் எங்கேயும் நிற்காதா?

ஒன்றும் இருக்காது. தூங்கிக்கொண்டுதான் இருப்பார். எழுந்து, நான் செய்த காரியத்துக்குக் கோபித்துக்கொண்டு போனை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் அப்படிச் செய்யக்கூடியவர். இல்லையா அக்கா? அப்படிச் செய்யக்கூடியவர்தானே?

அக்கா, எங்க எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்க. வண்டி ஆடுது, விழுந்துடுவீங்க. கையை ஏன் தூக்கறீங்க?

பாருங்கள், அந்த அபாயச் சங்கிலியைப் பிடிக்கப் பார்க்கிறாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட தனக்கென்று ஒரு பொருளுக்குக் கையை நீட்டாதவள், நுனிக்காலில் நிற்கிறாள்.

அவளுக்கு எட்டாது. நீங்கள் கொஞ்சம் நகருங்கள். நான் இழுக்கிறேன்.